கோப்பை வென்றாலும் மேலே போகாத அணிகள்: மைனர் ஐஸ் ஹாக்கி லீக்கின் ஒரு சீசன் எப்படி நடக்கிறது?

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் உறவினர்கள் வழியாகவும் விளையாட்டுச் செய்திகள் வழியாகவும் ஐஸ் ஹாக்கி இன்று தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு அறிமுகமாகிவிட்டது. ஆனால் பேச்சு மைனர் லீக் பக்கம் திரும்பியதும் இரண்டு தவறான எண்ணங்கள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன. இங்கிலாந்துக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள், இதுவும் இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் போன்ற ஏற்பாடுதான் என்றும், முதலிடம் பிடிக்கும் அணி அடுத்த ஆண்டு மேல் லீக்குக்குப் போகும், கடைசியில் நிற்பது கீழே இறங்கும் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், இது மாணவர்களும் பொழுதுபோக்காக ஆடுபவர்களும் பங்கெடுக்கும் பயிற்சி ஆட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டுமே சரியல்ல. இங்கே ஆடுபவர்கள் சம்பளம் வாங்கும் முழுநேரத் தொழில்முறை வீரர்கள். ஆயினும் அவர்களுடைய அணி எத்தனை கோப்பைகளை வென்றாலும், அந்த வெற்றியின் பலனாக ஒரு படிகூட மேலே ஏறாது. ஏறுவதும் இறங்குவதும் ஆட்கள் மட்டுமே. அணி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த அடிப்படை புரிந்துவிட்டால், அக்டோபரில் தொடங்கி ஜூன்வரை நீளும் ஒரு சீசனில் குழப்பமாகத் தோன்றும் பெரும்பாலான விஷயங்கள் தாமாகவே தெளிவாகிவிடும்.

மூன்று அடுக்குகள்

உச்சியில் இருப்பது தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல். அதில் 32 அணிகள் உள்ளன. அதற்கு அடுத்த அடுக்கு, 1936இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ஹாக்கி லீக், அதாவது ஏ.எச்.எல். அங்கும் 32 அணிகள், ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் இங்கே ஓர் அணி என்ற கணக்கு. மூன்றாவது அடுக்கு இ.சி.எச்.எல். இது 1988இல் ஐந்தே அணிகளுடன் ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக் என்ற பெயரில் பிறந்தது. 2003இல் மேற்குக் கடற்கரைப் பகுதி அணிகளும் வந்து சேர்ந்த பிறகு, கிழக்கைக் குறிக்கும் பெயர் பொருந்தாமல் போனதால், எழுத்துச் சுருக்கமே லீக்கின் முழுப் பெயராகிவிட்டது. 2025-26 சீசனில் இதில் 30 அணிகள் ஆடின.

கீழ் அடுக்கு அணி ஒன்று மேல் அடுக்கு அணியோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டை இணைப்பு என்பார்கள். மேல் அணி தன் இளம் வீரர்களைக் கீழே அனுப்பி ஆடவைக்கும். தேவைப்படும்போது திரும்ப அழைத்துக்கொள்ளும். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் என்ற என்.எச்.எல். அணிக்கு ஏ.எச்.எல்.லில் வில்க்ஸ்-பாரி/ஸ்க்ரான்டன் பெங்குவின்ஸ், இ.சி.எச்.எல்.லில் வீலிங் நெய்லர்ஸ். இந்த வீலிங், மேற்கு வர்ஜீனியாவில் ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர். இத்தனை சிறிய ஊர் 1992 முதல் ஒரு தொழில்முறை ஹாக்கி அணியை விடாமல் நடத்திவருகிறது என்பது என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது? ஒரு என்.எச்.எல். அணி 50 வீரர்கள்வரை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் அணிப் பட்டியலில் ஒரே நேரத்தில் 23 பேருக்குத்தான் இடம். மீதமுள்ளவர்கள் எங்கேயாவது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் கூப்பிட்டவுடன் வந்து சேரும் நிலையில் இருக்க வேண்டும். கீழ் அடுக்குகள் அதற்காகத்தான்.

நாற்றங்காலும் அதன் கணக்கும்

நெல் நடவு தெரிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். நாற்றங்காலில் நாற்று எவ்வளவு செழிப்பாக வளர்ந்தாலும் அந்த நாற்றங்கால் நடவு வயலாகிவிடாது. நாற்றுதான் பறிக்கப்பட்டு வயலுக்குப் போகும். மைனர் லீக் அணிக்கும் இந்த விதிதான். ஆனால் ஒப்புமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. நாற்றங்காலுக்குத் தனியாக விளைச்சல் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மைனர் லீக் அணிக்கோ சொந்த ஊர், சொந்த ரசிகர்கள், சொந்தக் கோப்பை, விற்றாக வேண்டிய நுழைவுச்சீட்டுகள் எல்லாம் உண்டு. நன்றாக ஆடுபவன் மேலே போய்விடுவான் என்று தெரிந்தும் அவனை வளர்க்க வேண்டும். அவன் போன மறுநாளே ஆட்டத்தையும் வெல்ல வேண்டும். ஒரு சீசன் முழுவதும் இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும்.

ஜொனதன் குவிக் என்ற கோல்கீப்பரின் 2007-08 சீசன் இதற்குத் தெளிவான சான்று. அப்போது லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்கு ஏ.எச்.எல்.லில் மான்செஸ்டர் மோனார்க்ஸ், இ.சி.எச்.எல்.லில் ரெடிங் ராயல்ஸ் ஆகியவை இணைப்பு அணிகள். குவிக் அந்த ஒரே சீசனில் மூன்று லீக்குகளிலும் ஆடினார்: பெரும்பகுதி பென்சில்வேனியாவின் ரெடிங்கில், அடுத்து நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில், இடையில் லாஸ் ஏஞ்சலஸில் மூன்றே ஆட்டங்கள். 2012இல் கிங்ஸ் முதன்முறையாக ஸ்டான்லி கோப்பையை, அதாவது என்.எச்.எல். கோப்பையை, வென்றபோது பிளேஆஃப்பின், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளின், சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. இ.சி.எச்.எல்.லில் ஆடிப் பின்னர் என்.எச்.எல்.லில் களமிறங்கியவர்கள் 700 பேருக்கும் மேல். ஆனால் ரெடிங் ராயல்ஸ் இன்றும் இ.சி.எச்.எல்.லில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: மூன்று அடுக்குகளையும் இணைப்பு என்ற ஏற்பாடு கட்டிவைத்திருக்கிறது. வீரர்கள் அந்தப் பிணைப்பின் வழியே மேலும் கீழும் போய்வருவார்கள். அணிகளின் இடத்தை ஆட்ட முடிவுகள் மாற்றுவதில்லை.

சாம்பியன் ஆன ஊர் கீழே போன கதை

அப்படியானால் எந்த அணியுமே அடுக்கு மாறியதில்லையா என்று கேட்கலாம். மாறியிருக்கின்றன, அந்த மாற்றங்கள்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களை அதிகம் குழப்புகின்றன.

மேலே சொன்ன மான்செஸ்டர் மோனார்க்ஸையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூனில் அந்த அணி, யூட்டிகா காமெட்ஸை வீழ்த்தி ஏ.எச்.எல்.லின் கால்டர் கோப்பையை வென்றது. அடுத்த அக்டோபரில் அதே ஊரில், அதே அரங்கில், அதே பெயரில் ஆடிய அணி இ.சி.எச்.எல். அணி. சாம்பியனான ஊர் ஒரு படி கீழே போய்விட்டது. ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, காரணம் தொலைவு. லாஸ் ஏஞ்சலஸ் நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது, மான்செஸ்டர் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. காலையில் ஒரு வீரர் காயப்பட்டால், மாற்று ஆள் கண்டம் முழுவதையும் விமானத்தில் கடந்து வந்து அன்று இரவே ஆட வேண்டும். மேற்குப் பகுதியைச் சேர்ந்த என்.எச்.எல். அணிகள் பலவற்றுக்கும் இதே தொல்லை. ஆகவே 2015 ஜனவரியிலேயே, அதாவது மான்செஸ்டர் கோப்பையை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்த அதே சீசனின் நடுவிலேயே, ஐந்து ஏ.எச்.எல். அணிகள் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயரும் என்று அறிவிக்கப்பட்டது. கிங்ஸின் ஏ.எச்.எல். அணி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒன்டாரியோ நகரத்துக்குப் போனது. (இது கலிஃபோர்னியாவில் உள்ள நகரம், கனடாவின் மாகாணம் அல்ல.) அங்கே ஆடிவந்த இ.சி.எச்.எல். அணி மான்செஸ்டருக்கு வந்தது. போகப்போவது தெரிந்தே மான்செஸ்டர் ரசிகர்கள் அந்தக் கோப்பையைக் கொண்டாடினார்கள். புதிதாக வந்த அணியும் 2019இல் கலைக்கப்பட்டது.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. கொலராடோ ஈகிள்ஸ் அணி 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து இ.சி.எச்.எல்.லின் கெல்லி கோப்பையை வென்றது. 2018-19 சீசனில் ஏ.எச்.எல்.லில் ஆடியது. இதைப் பார்த்தால் கால்பந்தின் தரவுயர்வு போலவே தோன்றும். உண்மையில், அருகிலுள்ள என்.எச்.எல். அணியான கொலராடோ அவலான்ச் தன் ஏ.எச்.எல். இணைப்பைப் பக்கத்து ஊரிலேயே வைத்துக்கொள்ள விரும்பியது; ஈகிள்ஸுக்கு அந்த லீக்கில் உறுப்பினர் உரிமை கிடைத்தது. கோப்பை வெல்லாமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கக்கூடும். லீக்கில் ஓர் இடம் என்பது ஃபிராஞ்சைஸ், அதாவது விலை கொடுத்துப் பெறும், வேறு ஊருக்கு மாற்றக்கூடிய உரிமை. புள்ளிப் பட்டியல் அதைத் தீர்மானிப்பதில்லை.

சீசனின் நாள்காட்டி

செப்டம்பரில் என்.எச்.எல். அணிகளின் பயிற்சி முகாம்கள் திறக்கும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் ஏ.எச்.எல். முகாம்களுக்கும், அங்கேயும் இடமில்லாதவர்கள் அக்டோபர் தொடக்கத்தில் இ.சி.எச்.எல். முகாம்களுக்கும் வந்து சேர்வார்கள். ஆகவே கீழ் அடுக்குப் பயிற்சியாளர் தன் அணி எப்படி இருக்கும் என்பதை, மேலே உள்ளவர்கள் முடிவெடுத்த பிறகுதான் அறிவார்.

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை வழக்கமான சீசன். ஒவ்வோர் அணிக்கும் 72 ஆட்டங்கள். பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். அணியின் வருமானத்தில் நுழைவுச்சீட்டுக்குப் பெரும் பங்கு இருப்பதால், ஆட்டங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் குவிந்துவிடும். மூன்று நாளில் மூன்று ஆட்டங்கள் ஆடுவது இங்கே வெகு சாதாரணம். வெள்ளி இரவு ஓர் ஊரில் ஆடி முடித்து, நனைந்த உடுப்புகளையும் காலணிகளையும் பைகளில் திணித்துக்கொண்டு பேருந்தில் ஏறி, விடியும்போது அடுத்த ஊரில் இறங்கி, அன்று மாலையே மீண்டும் களமிறங்குவார்கள். பயணச் செலவைக் குறைப்பதற்காக அருகிலுள்ள அணிகளோடுதான் பெரும்பாலான ஆட்டங்கள். ஒரே எதிரணியை ஒரு சீசனில் பத்து முறைக்கு மேல் சந்திப்பதும் உண்டு. வெவ்வேறு பிரிவுகளில் உள்ள இரு அணிகளின் புள்ளிகளை அப்படியே ஒப்பிடுவது சரியாகாது என்பதற்கு இதுவே காரணம். எதிரிகள் வேறு என்னும்போது கணக்கும் வேறுதான்.

புள்ளி முறை எளிது. வெற்றிக்கு 2 புள்ளிகள். மூன்று இருபது நிமிடப் பகுதிகளும் முடிந்து கோல்கள் சமமாக இருந்தால், பக்கத்துக்கு மூன்று வீரர்கள் மட்டும் ஆடும் கூடுதல் நேரம். அதிலும் முடிவு தெரியாவிட்டால் ஷூட்அவுட், அதாவது வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்வது. இந்தக் கட்டங்களில் தோற்கும் அணிக்கும் 1 புள்ளி உண்டு. எனவே பட்டியலில் தோல்விகள் இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். எல்லாத் தோல்வியும் ஒன்றல்ல.

ஓர் எலும்பு முறிந்தால் நான்கு ஊர்களில் என்ன நடக்கும்

மேலே இடம் காலியானதும் கீழிருந்து வீரரை வரவழைப்பதை மேலழைப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன். அது எப்படிச் சங்கிலியாகப் பரவுகிறது என்பதைக் கோல்கீப்பரை வைத்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு கோல்கீப்பர்கள் உடை மாற்றி ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.

வியாழன் இரவு என்.எச்.எல். ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பருக்குக் கை முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குள் ஏ.எச்.எல். அணியின் முதன்மைக் கோல்கீப்பருக்கு விமானச் சீட்டு போட்டாகிவிடும். வெள்ளிக்கிழமை ஏ.எச்.எல். அணிக்கும் ஆட்டம் உண்டு. ஆகவே காலையில் இ.சி.எச்.எல். கோல்கீப்பருக்கு அழைப்பு வரும். அவர் தன் காரில் பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், இ.சி.எச்.எல். பயிற்சியாளர் கைப்பேசியை எடுப்பார். இந்த அடுக்கில் பெரும்பாலும் பயிற்சியாளரே ஆள் எடுக்கும் மேலாளரும் ஆவார். அவர் இன்னும் சிறிய லீக்குகளில் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேசிப் பார்ப்பார். மாலைக்குள் யாரும் வந்துசேர முடியாவிட்டால், உள்ளூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஹாக்கியும் ஆடும் ஒருவர் அவசரக் கோல்கீப்பராக உடை மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். ஒரே ஒரு முறிவு, இருபது மணி நேரத்துக்குள் நான்கு ஊர்களின் ஆட்டங்களை மாற்றிவிடுகிறது.

பணமும் இதே பாதையில்தான் ஓடுகிறது. மேல் அணியின் ஒப்பந்தத்தோடு கீழே வந்தவருக்கு மேல் அணியே சம்பளம் கொடுக்கும். பல இளம் வீரர்களின் ஒப்பந்தம் இருவழி ஒப்பந்தம், அதாவது என்.எச்.எல்.லில் இருக்கும் நாளுக்கு ஒரு விகிதம், கீழே இருக்கும் நாளுக்கு வேறு விகிதம். 2025-26இல் என்.எச்.எல்.லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். சீசனின் நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 டாலர். மேலே ஒருவாரம் இருந்துவிட்டு வந்தாலே வாழ்க்கை சற்று மாறிவிடும். இ.சி.எச்.எல். அணியோடு மட்டும் ஒப்பந்தம் உள்ளவருக்கு வாரச் சம்பளமும் தங்குமிடமும் தரப்படும். அணி மொத்தமாகச் செலவிடும் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. வீரர்களின் நலனைப் பேசுவதற்கு 1967இல் தொடங்கப்பட்ட தொழிற்சங்கம் ஒன்று ஏ.எச்.எல்., இ.சி.எச்.எல். ஆகிய இரு லீக்குகளுக்கும் இருக்கிறது.

எல்லோரும் மேலே போவதில்லை, பெரும்பாலோர் போவதில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், தனக்கு என்.எச்.எல். இல்லை என்பதை நன்கு அறிந்தே பேருந்தில் ஏறும் வீரர்களால்தான் இந்த லீக் நடக்கிறது. ஆனால் அவர்களுக்கும் ஒரு கதவு பாதி மூடப்பட்டிருக்கிறது. சீசன் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களை முடித்திருக்கும் வீரரை மூத்த வீரர் என்று இ.சி.எச்.எல். வகைப்படுத்துகிறது, ஓர் அணியில் அப்படி நான்கு பேர்தான் இருக்கலாம். கோல்கீப்பர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 72 ஆட்டங்கள் என்றால், நான்கு முழு சீசன்களில் ஒருவர் மூத்தவராகிவிடுகிறார். இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆயினும், ஆட்டம் கனிந்துவரும் வயதில் ஒருவரை வேண்டாதவராக்கும் இந்த விதியைக் கடுமையானது என்றே நான் கருதுகிறேன்.

மீண்டும் சுருக்கமாக: ஒரு சீசனில் அணியின் முகம் வாரத்துக்கு வாரம் மாறும். மேலே நேரும் காயம், கீழே சம்பளம், மூத்த வீரர் வரம்பு ஆகிய மூன்றும் சேர்ந்து யார் களமிறங்குகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன.

சீசன் பாதியில் அணி காணாமல் போவது

நியூஃபவுண்ட்லாந்து என்றதும், 1986இல் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் மீட்ட கடற்கரை நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த மாகாணத்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில் நியூஃபவுண்ட்லாந்து கிரௌலர்ஸ் என்ற இ.சி.எச்.எல். அணி இருந்தது. 2018-19இல், தன் முதல் சீசனிலேயே, கெல்லி கோப்பையை வென்ற அணி அது. ஐந்தே ஆண்டுகளில், 2024 ஏப்ரலில், வழக்கமான சீசன் முடிய இன்னும் சில ஆட்டங்களே மீதமிருந்தபோது, உறுப்பினர் என்ற முறையில் செய்ய வேண்டியவற்றை அணி நிர்வாகம் நிறைவேற்றவில்லை என்று கூறி லீக் அதன் உறுப்பினர் உரிமையை ரத்து செய்தது. மீதி ஆட்டங்கள் நடக்கவே இல்லை. உச்சி லீக்கில் சீசன் நடுவே ஓர் அணி மறைவதை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. மூன்றாம் அடுக்கில் அது நடக்கக்கூடிய ஒன்றாகவே இருக்கிறது. எனவேதான் இந்த அணிகள் ஒவ்வொரு வார இறுதியிலும் இருக்கைகளை நிரப்பப் படாதபாடு படுகின்றன.

ஏப்ரலுக்குப் பிறகு

மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் சீசன் முடியத் தொடங்கும். படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் வீரர்கள் பலர் அப்போது இ.சி.எச்.எல்.லுக்கு வந்து தங்கள் முதல் தொழில்முறை ஆட்டத்தை ஆடுவார்கள். ஆகவே ஏப்ரலில் களமிறங்கும் அணிக்கும் அக்டோபரில் தொடங்கிய அணிக்கும் பெயர் மட்டுமே பொதுவாக இருப்பதும் உண்டு.

இ.சி.எச்.எல்.லின் நான்கு பிரிவுகளிலும் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள், ஆக 16 அணிகள், பிளேஆஃப்புக்குப் போகும். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர்; முதலில் நான்கு வெற்றி பெறுவது முன்னேறும். கோப்பைக்கு நான்கு சுற்றுகள், அதாவது 16 வெற்றிகள் வேண்டும். இங்கே ஷூட்அவுட் இல்லை. கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். 2018 மே மாதம் ஏ.எச்.எல். பிளேஆஃப்பில் சார்லட் நகரில் லீஹை வேலி ஃபேன்டம்ஸ் அணி இப்படி ஐந்தாவது கூடுதல் நேரம்வரை போய், நள்ளிரவைத் தாண்டி 2-1 என்று வென்றது. அதன் கோல்கீப்பர் அலெக்ஸ் லயன் அன்று 94 முயற்சிகளைத் தடுத்தார்.

மேல் லீக்கில் ஓர் அணி பிளேஆஃப்பிலிருந்து வெளியேறினால், அங்கே போயிருந்த வீரர்கள் சிலர் கீழே திரும்பிவந்து இ.சி.எச்.எல். அணிக்கு வலுச் சேர்ப்பார்கள். இணைப்பு அணி மேலே வென்றுகொண்டே போனால், கீழே ஆள் பற்றாக்குறைதான். எனவே மே மாதத்தில் இ.சி.எச்.எல். ரசிகர்கள் தங்கள் அணியின் ஆட்டத்தோடு ஏ.எச்.எல். முடிவுகளையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பாதையில் வீரர்கள் மட்டும் ஏறுவதில்லை. நடுவர்களும் பயிற்சியாளர்களும் இப்படித்தான் மேலே போகிறார்கள். ஜாரெட் பெட்னார் ஒரு என்.எச்.எல். ஆட்டத்தில்கூட வீரராகக் களமிறங்கியதில்லை. சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் என்ற இ.சி.எச்.எல். அணியின் வீரராக 1997, 2001 ஆண்டுகளில் கெல்லி கோப்பை வென்றவர். அதே அணியின் பயிற்சியாளராக 2009இல் மீண்டும் அதே கோப்பை, 2016இல் லேக் ஈரி மான்ஸ்டர்ஸ் அணியோடு கால்டர் கோப்பை, 2022இல் கொலராடோ அவலான்ச் அணியோடு ஸ்டான்லி கோப்பை. மூன்று அடுக்குகளின் கோப்பைகளையும் வென்ற முதல் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். ஸ்டிங்ரேஸ் அணி இப்போதும் இ.சி.எச்.எல்.லில் ஆடிக்கொண்டிருக்கிறது.